கீரை போட முதலில் நிலம் வேண்டும்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவர் வாசிப்பு வட்டத்துக்குப் போயிருந்தேன். பேசி முடித்ததும் முதலாமாண்டு படிக்கும் தங்கை ஒருத்தி எழுந்தாள். "அக்கா, கிராமத்தை விட்டு வெளியே வாங்கன்னுதானே அம்பேத்கர் சொன்னார்? நீங்க எம்.ஏ. படிச்சிட்டு மறுபடியும் கிராமத்துல போய் கீரை போட்டுக்கிட்டு இருக்கீங்களே, இது பின்னோக்கிப் போறது இல்லையா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை. பேருந்துக்கு நேரமானதால் அன்று அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலத்தைப் பற்றி. விழுப்புரம் மாவட்டத்தில், எங்கள் காலனியிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி 65 சென்ட் செம்மண் காடு. என் சம்பளம், கணவர் வாங்கிய கடன், அம்மாவின் சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து எட்டு வருடங்களுக்கு முன் வாங்கினோம். பத்திரம் அம்மாவின் பேரில். ரோட்டோரம் இருந்த நிலத்தை எங்களுக்கு யாரும் விற்கவில்லை. கேட்ட இரண்டு இடத்திலும் விலை பேசி முடித்த பிறகு, "வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம்" என்றார்கள். கடைசியில் ஓடையை ஒட்டிய, வண்டிப்பாதை இல்லாத இந்தத் துண்டுதான் கிடைத்தது. இன்றைக்கும் உர மூட்டையோ செங்கல்லோ எதுவாக இருந்தாலும் ஓடைக்கரையில் தலைச்சுமைதான்.

இப்போது அங்கேதான் குடியிருக்கிறோம். நான், கணவர், மகள், அம்மா. 3 சென்டில் ஓட்டு வீடு. பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் போய்ச் சேரும் குழியைச் சுற்றி வாழையும் பப்பாளியும். வீட்டை ஒட்டிக் கத்தரி, வெண்டை, மிளகாய். வேலியில் முருங்கை, அகத்தி, கிளைரிசிடியா. வேலி மேலேயே அவரையும் பீர்க்கும் ஏறிக்கொள்ளும். நடுவில் 30 சென்டில் மழையை நம்பி மல்லாட்டையும் துவரையும், அடுத்த போகம் கேழ்வரகும் தட்டைப்பயறும். சரிவின் குறுக்கே மூன்று இடத்தில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் வரப்பாகப் போட்டிருக்கிறோம். ஓடைக்கு ஓடும் மழைத்தண்ணீர் அதில் நின்று இறங்கும். மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் சருகாலும் தழையாலும் மூடி வைக்கிறோம்.

இதற்குப் பெர்மாகல்ச்சர் என்று பேர். 1970களில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரனும் இந்தச் சொல்லை உருவாக்கினார்கள். 1978ல் அவர்களுடைய முதல் புத்தகம் வந்தது. காடு எப்படித் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறதோ அப்படி ஒரு தோட்டத்தை அமைப்பது அதன் அடிப்படை. அடிக்கடி கை வைக்க வேண்டியது வீட்டுக்குப் பக்கத்தில், எப்போதாவது பார்த்தால் போதும் என்பது தள்ளி. ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு. மூன்று அறங்களையும் சொல்வார்கள்: நிலத்தைப் பேணு, மனிதரைப் பேணு, மிஞ்சியதைப் பகிர்ந்துகொள்.

இதைக் கற்றுக்கொள்ள நான் பணம் கட்டி மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். எந்தப் பண்ணை என்று சொல்லப்போவதில்லை. அழகான இடம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் கணினித் துறையில் வேலை பார்த்துச் சலித்தவர்கள். நல்லவர்கள்தான். முதல் நாள் காலை வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே, தென்னை மரத்தடியில் ஒரு அம்மா மூடாக்குக்காகத் தழை அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காலனியிலிருந்து தினக்கூலிக்கு வருகிறவர். அவரை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

மதியம் களைகளைப் பற்றிய வகுப்பு. பயிற்சியாளருக்கு நாலைந்து செடிக்குமேல் பேர் தெரியவில்லை. செல்போனில் படம் பிடித்துத் தேடினார். நான் எழுந்துபோய் அந்த அம்மாவிடம் கேட்டேன். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை என்று பத்து நிமிடத்தில் பதினான்கு பேர் சொன்னார். எது கடையலுக்கு ஆகும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக்கூடாது, எது பஞ்சத்தில் மட்டும் தின்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரம். அவருக்குக் கூலி, எனக்குச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதில் எழுதவேண்டிய பேர் என்னுடையதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மூடாக்கைப் பற்றி அம்மாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, "இத்த சொல்லிக் குடுக்கவாடி காசு வாங்குனாங்க?" என்றார். பிறகு ஒன்று சொன்னார். "சருகு போட்டா மண்ணு குளிந்திருக்கும்னு எங்களுக்கும் தெரியும். சருகு பொறுக்குற இடம் யாருதுடி? சவுக்குத் தோப்புல பொறுக்குனா வெரட்டுவான். பொறுக்கினாலும் போடுறதுக்கு நெலம் எங்கருந்துச்சு?"

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது முழுவதும் அம்மாவின் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

என் தாத்தாவுக்கு 1 ஏக்கர் 20 சென்ட் இருந்தது. டி.சி. நிலம். அதாவது பஞ்சமி நிலம். இளம் தோழர்களில் சிலருக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1891ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்பதை அந்த அறிக்கை அரசின் முன்னால் வைத்தது. அதன் தொடர்ச்சியாக 1892ல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்து ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்கியது. முதல் பத்து ஆண்டுகள் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. காரணை நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

எங்கள் தாத்தாவின் நிலம் போனதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. ஒரு பஞ்ச வருடத்தில் வாங்கிய நெல் மூட்டைகளுக்காக ஒரு வெள்ளைத்தாளில் கைரேகை. அவ்வளவுதான். சட்டப்படி செல்லாத அந்தத் தாளை எதிர்த்துக் கேட்கத் தாத்தாவுக்குத் தெரியாது. என் அம்மா கல்யாணத்துக்கு முன் தன் அப்பாவின் நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டிருக்கிறார். முப்பது வருடம் யார் யார் சேற்றிலோ நின்ற கால் அது. அதனால்தான் நான் நிலம் வாங்கலாம் என்றபோது வீட்டில் முதலில் எதிர்த்ததும் அவர்தான். "சேத்துல நிக்கக் கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தங்கையின் கேள்வியும் அம்மாவின் கோபமும் ஒன்றுதான். இரண்டும் நியாயமானவை. "மண்ணுக்குத் திரும்புவோம்" என்று நாலாபக்கமும் சொல்கிறார்கள். மண்ணை விட்டுப் போனவர்கள்தானே திரும்ப முடியும்? நம் மக்கள் மண்ணில்தான் கிடந்தார்கள். மண் அவர்களுடையதாக இல்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் ஐந்தில் ஒரு பங்கு. இந்திய அளவில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம்; ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் பயிரிடும் நிலம் மொத்தப் பரப்பில் 10 சதவீதத்துக்கும் குறைவு. நிலம் கையில் இருப்பவருக்கு எளிமையான வாழ்க்கை என்பது அவர் தேர்ந்தெடுப்பது. வேறு வழியில்லாதவருக்கு அதே கீரையும் கூழும் வறுமை.

அப்படியானால் இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று விட்டுவிடலாமா? கூடாது என்கிறேன்.

முதல் காரணம், இந்த அறிவு நம்முடையதும்தான். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பு 1983லிருந்து வேலை செய்கிறது. இந்தியாவில் பெர்மாகல்ச்சர் முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று அங்குள்ள பஸ்தாபூர். 1980களின் பிற்பகுதியில் மொல்லிசனும் இந்தியா வந்தார். அந்தச் சங்கங்களின் முதுகெலும்பு யார் என்றால் தலித் பெண்கள். தரிசாகக் கிடந்த துண்டு நிலங்களைத் திருத்தி, சோளம், தினை, துவரை என்று ஒரே வயலில் பல பயிர்களைக் கலந்து விதைத்தார்கள். விதையைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஊருக்குள் தாங்களே தானியக் களஞ்சியம் நடத்தினார்கள். 2008ல் சொந்தமாக வானொலி தொடங்கினார்கள். 2019ல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது அவர்களுக்குக் கிடைத்தது. இந்தியப் பெர்மாகல்ச்சர் கதையை அவர்களிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். அந்தத் தென்னை மரத்தடி அம்மா வட்டத்துக்குள் வந்துவிடுவார்.

இரண்டாவது காரணத்தை நான் எங்கள் ஊரில்தான் கற்றேன்.

மூன்று வருடங்களுக்கு முன் மாசி மாதம். மயானக் கொள்ளைத் திருவிழா ஊர்வலம் காலனித் தெருவுக்கும் வரவேண்டும் என்று எங்கள் பையன்கள் கேட்டார்கள். வாய்த்தகராறு ஆகி, மறுநாள் ஊர்க் கட்டுப்பாடு வந்தது. காலனி ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது. கடையில் சாமான் தரக்கூடாது. வயல் வழியாகப் போகக்கூடாது. 43 குடும்பம். 19 நாள்.

அப்போது எங்கள் வீட்டில் கேழ்வரகு இரண்டு மூட்டை இருந்தது. துவரை இருந்தது. முருங்கையும் பப்பாளியும் இருந்தன. மூன்றாம் நாளிலிருந்து கோயில் திடலில் அடுப்பு வைத்துக் கூழ் காய்ச்சினோம். முன்னால் நின்றது அம்மா. என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்த அதே அம்மா, முருங்கைக் கிளையை ஒடித்துக் கட்டுக் கட்டாக ஓடைக்கரை வழியாகத் தூக்கிப் போனார். ஆறே நாளில் கேழ்வரகு தீர்ந்தது. பிறகு பையன்கள் பக்கத்து டவுனுக்கு நடந்துபோய் அரிசி வாங்கிவந்தார்கள். பத்தாம் நாளுக்குமேல் எட்டுக் குடும்பத்தினர் தலையைக் குனிந்துகொண்டு பழையபடி வேலைக்குப் போனார்கள். முன்பணம் வாங்கியவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர்களுடைய பானையில் மிச்சம் எத்தனை பிடி என்பது ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டுப்பாடு போடுகிறவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள்.

எங்கள் 65 சென்ட் அந்தக் கணக்கை ஆறு நாள் தள்ளிப்போட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 65 சென்ட் இருந்திருந்தால்? இந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இதேபோன்ற கேள்வியை அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் கேட்டிருக்கிறார். பருத்திப் பண்ணையில் கூலியாக இருந்த கறுப்பினப் பெண். 1962ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகப் பண்ணை முதலாளி அவரை வீட்டைவிட்டு விரட்டினார். சோறு முதலாளியின் கையில் இருக்கும்வரை வாக்கு நம் கையில் இருக்காது என்பதை அவர் தன் வாழ்க்கையிலேயே பார்த்தார். 1969ல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். கூடவே ஒரு பன்றி வங்கி: ஒரு குடும்பத்துக்குச் சினைப்பன்றி கொடுப்பார்கள், குட்டி போட்டதும் சிலவற்றைத் திருப்பித் தரவேண்டும், அவை அடுத்த குடும்பத்துக்குப் போகும். பணநெருக்கடியில் அந்தப் பண்ணை 1970களின் நடுவில் முடிந்துபோனது. முடிந்தது என்பதற்காக அது தவறான பாதை ஆகிவிடாது. நிலமும் முதலும் எவ்வளவு தேவை என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

இப்போது அம்பேத்கருக்கு வருகிறேன். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைக் கடுமையாகச் சாடியது உண்மை. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். அந்த 19 நாளைப் பார்த்தவள் மறுக்க முடியாது. ஆனால் அதே அம்பேத்கர்தான் 1937ல் கொங்கணத்தின் கோட்டி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1938ல் பல்லாயிரம் விவசாயிகளைப் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கி நடத்திச் சென்றார். 1947ல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் நிலம் அரசுடைமையாகவேண்டும், கூட்டுப்பண்ணைகள் வேண்டும், பட்டியல் சாதியினருக்கு அரசு நிலத்தில் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்று கேட்டார். அவர் வெளியேறச் சொன்னது சாதி ஆளும் கிராமத்திலிருந்து. நிலத்தின்மீது நமக்குள்ள உரிமையிலிருந்து வெளியேறச் சொல்லவில்லை. இதுதான் தங்கைக்கு என் பதில்.

அதே சமயம், இந்த வாழ்க்கை முறையோடு சேர்ந்து வரும் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள்.

ஒன்று, பசு. இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் நாட்டு மாட்டுச் சாணத்தையும் கோமியத்தையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கையில் பேச்சு எப்போது புனிதத்துக்குத் தாவியது என்றே தெரியாது. சாணம் நல்ல உரம்தான், நாங்களும் போடுகிறோம். ஆனால் தொழுவத்தைக் கூட்டிச் சாணம் அள்ளியதும், செத்த மாட்டைத் தூக்கியதும் யார்? அந்த மாட்டின் கறியைத் தின்றதற்காக அடிவாங்கியவர்கள் யார்? மாட்டை உரத்துக்காகவும் பாலுக்காகவும் கறிக்காகவும் வளர்க்கலாம். புனிதம் மட்டும் நமக்கு வேண்டாம்.

இரண்டு, மட்குக் கழிப்பறை. பெர்மாகல்ச்சர் புத்தகங்கள் மனிதக் கழிவையும் மட்கவைத்து உரமாக்கச் சொல்கின்றன. முறையாக மட்கவைத்தால் அறிவியல்படி சரிதான். ஆனால் மலத்தைக் கையால் அள்ள வைப்பதைத் தடைசெய்ய 2013ல் இன்னொரு சட்டம் போடவேண்டியிருந்த நாடு இது. பண்ணையில் அந்தத் தொட்டியைக் காலி செய்வது யார் என்று கேளுங்கள். கூலிக்கு வருகிறவர் என்றால் அது பழைய சாதித்தொழில்தான். எங்கள் வீட்டில் நாங்கள் அதைக் கட்டவில்லை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேணாம்."

உண்மையான வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். 65 சென்ட் எங்களுக்கு வருடம் முழுக்கச் சோறு போடவில்லை. எட்டு மாதத்துக்குக் காய்கறி, ஓரளவு பயறும் கேழ்வரகும், மூன்று மூட்டை மல்லாட்டை. ரேஷன் அரிசி இன்னும் வாங்குகிறோம். மகளின் பள்ளிக்கட்டணம் என் சம்பளத்திலிருந்து போகிறது. வேலையை விட்டுவிட்டு நிலத்துக்கு வாருங்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு வேறு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். படிப்பை விடாதீர்கள். வேலையை விடாதீர்கள். நிலத்தையும் விடாதீர்கள்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் புல எண் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது, இன்றைய பட்டா யார் பேரில் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ஒரு விடுமுறையில் முடிகிற வேலை. ஒரு தலைமுறைக்குப் பயன்படும். நிலமில்லாத நம் பெண்களுக்குத் தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் நில மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம் உண்டு; உங்கள் அம்மாவுக்கும் அத்தைக்கும் சொல்லுங்கள். எது வாங்கினாலும் பெண்கள் பேரில் பதியுங்கள். ஊர்க் கட்டுப்பாடு போடுவதும், நம் நிலத்தைப் பறிப்பதும், பயிரை அழிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றங்கள். 2015 திருத்தத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அந்த 19 நாளுக்குப் புகார் எழுதப்படாமல் சமாதானத்தில் முடிந்தது. அன்று எழுதத் தெரிந்த நானும் பெரியவர்களின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு நின்றேன். அது என் தவறு.

நிலமே இல்லையென்றாலும் வீட்டுப் பின்புறத்தில் ஒரு முருங்கை, சாக்கடைத் தண்ணீர் போகுமிடத்தில் இரண்டு வாழை. அது விடுதலை ஆகிவிடாது. ஆனால் பாட்டியிடம் கீரைகளின் பேரைக் கேட்டு எழுதிவைக்க அது ஒரு காரணமாக இருக்கும்.

போன வாரம் அம்மா துவரைக்கு நடுவில் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. "போதும்மா, எழுந்து வா" என்றேன். "இருடி, இந்தப் பாத்தி முடியட்டும். யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். முப்பது வருடம் அடுத்தவர் வயலில் சூரியனைப் பார்த்துக் கரையேறிய அம்மா, இப்போது தனக்குத் தோன்றும்போது கரையேறுகிறார். அந்தச் சுதந்திரம் என் அம்மாவுக்கு மட்டும் கிடைத்தால் போதாது. மீதி 42 வீட்டு அம்மாக்களுக்கும் வேண்டும்.

ஜெய் பீம்.